கொள்ளி வைப்பவன் முகம்

"என் அரசி சாகிறாள். கேட்கிறவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். நான் என்ன செய்வேன், அம்மா?"

கேட்டவன் அவில்லியுஸ். ரோமாபுரிக்காரன், தலை நரைத்தவன். காவியம் எழுதியே தீருவேன் என்று கப்பல்படை வேலையை உதறியவன். அவன் 'அம்மா' என்றது, கவிதை கற்றுக்கொடுக்கும் கிரேக்கப் பெண் மெலிட்டாவை. அவனைவிட வயதில் சின்னவள். பேச்சு மட்டும் மிளகுக் காரம்.

"வாசியும்," என்றாள்.

வாசித்தான். கரை ஒதுங்கிய ஒரு வீரன்மேல் அரசி பித்தாகிறாள். ஊரை மறக்கிறாள், ஆட்சியை மறக்கிறாள். தேவர்கள் வந்து அவனைக் கிளம்பச் சொல்கிறார்கள். அவன் கப்பல் ஏறுகிறான். அவள் விறகு அடுக்கச் சொல்லி, அதில் ஏறி, தானே தீ மூட்டிக்கொள்கிறாள்.

"யார் குற்றம்?"

"காதலின் குற்றம். விதியின் குற்றம். பாவம், அவன் என்ன செய்வான்?"

"அரிஷத் எப்படி இருக்கிறாள்?"

அவில்லியுஸ் முகம் சுருங்கியது.

அரிஷத் ஆப்பிரிக்கக் கரையில் தாய், தகப்பன், சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவனை நம்பி வந்தவள். இத்தனை வருஷம் இவன் வீட்டில் விளக்கேற்றியவள். இவனுக்கோ நாளைக்கு ஒரு பணக்கார விதவையோடு கல்யாணம்.

"அப்பா முடிவு செய்துவிட்டார், அம்மா. எங்கள் ஊரில் அப்பா சொல் தேவர் சொல். காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"நீ போனால் செத்துப்போவேன் என்றாள். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதானே."

அரிஷத்தை நினைத்தால் கதை சொல்லும் எனக்கே வயிறு எரிகிறது. இந்த மனிதனுக்கு எரியவில்லை.

மெலிட்டா எழுந்தாள். நகர வாசலுக்கு வெளியே, கல்லறைகள் நிற்கும் சாலைக்கு அவனை அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு சிதை அடுக்கியிருந்தது. இறந்தவளின் கணவன் பந்தத்தை வாங்கினான். முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் தீ வைத்தான்.

"இவர் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறார்?"

"அது எங்கள் வழக்கம், அம்மா. நெருங்கிய உறவுதான் கொள்ளி வைக்கும். வைக்கிறவர் சிதையைப் பார்க்க மாட்டார்."

"நான் வேற்றூர்க்காரி, எனக்கென்ன தெரியும்," என்றாள் மெலிட்டா. "அது இருக்கட்டும். கப்பல் கிளம்பும்போது உம்முடைய வீரன் எங்கே பார்த்தான்?"

அவில்லியுஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "முன்னால், கடலைப் பார்த்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காவியத்திலேயே நல்ல வரி அதுதான்."

மெலிட்டா சிதைப் பக்கம் திரும்பினாள். தீ விறகில் ஏறியது.

"இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பினீரே. அரிஷத் வாசலில் நின்றாளா, உள்ளே போய்விட்டாளா?"

"நான் பார்க்கவில்லை," என்றான்.

சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

ஓடினான். காவியச் சுருள் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாமல், அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினான்.

தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பெண் தலைவிரிகோலமாக எதிரே வந்தாள்.

"இப்போதா வருகிறீர்?" என்றாள்.