தோற்ற வக்கீலுக்கு ஒரு தொகுதி

கீழ்க்கோட்டை நீதிமன்ற வாசலில் வக்கீல் அருளப்பனைத் தெரியாதவர் கிடையாது. வழக்குகளை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷம் போராடியவர். அதற்காகப் பதினோரு மனுப் போட்டார், பதினொன்றும் தள்ளுபடி.

சட்டம் எழுதுகிற இடத்துக்கே போய்விடலாம் என்று கட்சியில் சீட் கேட்டார். தலைவர் சிங்கமுத்து மீசையைத் தடவினார்.

"இதுவரை எதிலாவது ஜெயிச்சிருக்கீரா?"

"இல்லைங்க."

"எனக்குத் தோற்காத ஆள்தான் வேணும்!"

"ஐயா, கீழ்க்கோட்டையில நம்ம கட்சி ஆறு தடவை தோத்திருக்கு. நின்னவங்க யாரும் அப்புறம் அடுத்த தேர்தல் வரைக்கும் ஊர்ப்பக்கம் தலைகாட்டலை. நான் தோத்தா மறுநாளே வந்து நிப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு மட்டும்தானே இருக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஆறில் மூன்று தடவை நின்று தோற்றவர் தலைவரேதான். பேச்சை வளர்க்காமல் சீட்டைக் கொடுத்துவிட்டார்.

அருளப்பன் எண்ணூறு ஓட்டில் ஜெயித்தார். அவராலேயே நம்ப முடியவில்லை. அவரிடம் நில வழக்கைக் கொடுத்திருந்த பேச்சியம்மாள் மாலையோடு வந்தாள்.

"என் போராட்டத்தைப் பார்த்துத்தானே ஓட்டுப் போட்டீங்க?"

"அது இல்லைங்க வக்கீலய்யா. எங்க தெருவுல பாதிப்பேர் கேஸு வருஷக்கணக்கா உங்ககிட்டதான் கிடக்கு, திருப்பிக் கேட்கவும் மனசு வரலை. நீங்க சட்டசபைக்குப் போனாத்தானே நாங்க வேற வக்கீல் வைக்க முடியும்?"

அருளப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே கேஸ் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.