ஷீட்டைத் தொந்தரவு செய்யாத சகோதரர்கள்

தென்காசிக்குப் போகிற வழியில் நெட்டூர்க்குளம் என்று ஓர் ஊர். அங்கே ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் அம்மையப்பன், நடுவில் தவசிலிங்கம், கடைசி சித்திரைவேல். மூவருக்கும் தங்கமான மனசு. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதில்தான்.

மூவரில் தவசிக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி உலகம்மை தாய்வீட்டுக்குப் போய்ப் பெண் பிள்ளை பெற்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்ததோடு சரி, மகளை இன்னும் மடியில் வாங்கவில்லை என்று தவசி தவித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளிடமிருந்து போன் வந்தது.

“நம்ம கூரை மாமா காலத்து ஷீட்டுல்லா? அது ஆஸ்பெஸ்டாஸா இருந்தா, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதாம். வெவரம் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அது சரியாகாம பிள்ளையை அங்க கொண்டுவர மாட்டேன்.”

தவசி அன்றைக்கே இஞ்சினியர் ஜெபதுரையைக் கூட்டி வந்தான். அவர் அண்ணாந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு விரிசல்.

“பழைய ஷீட்டு. ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. சாம்பிள் எடுக்க நானே ஆள் அனுப்புதேன், லேப்ல சொல்லட்டும். அதுவரைக்கும் ஷீட்டைத் தொந்தரவு பண்ணக்கூடாது. தூசி விழுந்தா மூச்சுல இழுக்கக்கூடாது. வெளங்குதா?”

“நல்லா வெளங்குது சார்” என்றார்கள் மூவரும்.

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மையப்பன் உதட்டில் விரல் வைத்தார். “இனி எல்லாரும் மெதுவாப் பேசணும். தொந்தரவு ஆகக்கூடாதுல்லா.”

குக்கர் விசிலடிக்கும் என்பதால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மூவரும் அவலை நனைத்துத் தின்றார்கள், அதையும் மெல்லாமல். தவசிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குளத்தங்கரை வரை ஓடி, அங்கே தும்மிவிட்டு வந்தான். அதற்குள் கூரைமேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்துவிட்டது.

“அண்ணே, காக்கா தொந்தரவு பண்ணுதே” என்று தவசி கிசுகிசுத்தான்.

“விரட்டினா சத்தம் வரும். அது அதைவிடப் பெரிய தொந்தரவு.”

சித்திரைவேல் தெருவில் இறங்கி நின்று, காக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். மரியாதை தெரிந்த வீடு என்று நினைத்ததோ என்னவோ, காக்கா தன் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டது.

மறுநாள் காலை விரிசலிலிருந்து ஏதோ பொடி உதிர்ந்தது. “இழுக்காதீங்க!” என்று வாயசைத்தார் அம்மையப்பன். மூச்சை அடக்கியதில் மூவருக்கும் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. தட்டுத்தடுமாறித் தெருவுக்கு வந்து கூடிப் பேசினார்கள்.

“இழுக்கத்தானே கூடாதுன்னார்? விடக்கூடாதுன்னு சொல்லலையே” என்றான் சித்திரைவேல்.

“இழுக்காம எதைலே விடுறது?” என்றான் தவசி.

அம்மையப்பன் தீர்ப்புச் சொன்னார். “தெருவுல இழுப்போம். வீட்டுல விடுவோம்.”

அன்றிலிருந்து வாசலுக்கும் வீட்டுக்கும் ஓட்டம்தான். சட்டையைப் போட ஒரு ஓட்டம், பித்தான் மாட்ட இன்னொரு ஓட்டம். தவசி குளித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக லேபிலிருந்து முடிவு வந்தது. ஜெபதுரை போனில் சொன்னார்: “ஆஸ்பெஸ்டாஸ்தான். பயப்படாதீங்க. ஆனா நீங்க யாரும் கை வைக்காதீங்க. பழகின ஆளை விட்டுத்தான் எடுக்கணும். அடுத்த வாரம் ஏற்பாடு பண்ணுதேன்.”

தவசிக்கு அடுத்த வாரம் வரை பொறுக்கவில்லை. “அண்ணே, நம்ம கூரையோட பழகின ஆள் யாரு?”

“எதிர்வீட்டுக் கடுவன் பூனை. ஓயாம அதுமேலதானே கெடக்கு” என்றார் அம்மையப்பன்.

பூனையை வரவழைத்து, நெத்திலிக் கருவாடு வைத்து உபசரித்தார்கள். தவசி அதன் முன்னால் உட்கார்ந்து மன்றாடினான். “எம்மக வீட்டுக்கு வரணும். நீங்கதான் மனசு வைக்கணும்.” பூனை கருவாட்டைத் தின்று முடித்து முன்னங்காலை நக்கியது.

“கை கழுவுது. இப்பத் தொடங்கிரும்” என்றான் சித்திரைவேல்.

கூரைமேல் ஏறிய பூனை சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. சாயங்காலம் வரை மூவரும் கீழே நின்று, வேலை நடக்கிறது என்று நம்பிக் காத்துக்கிடந்தார்கள்.

சொன்னபடி ஜெபதுரையின் ஆட்கள் அடுத்த வாரம் வந்தார்கள். தலைமுதல் கால்வரை மூடிய உடுப்பு, முகத்தில் மாஸ்க். ஷீட்டுகளை நனைத்து, உடையாமல் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள்.

“இனி கவலை இல்லை. கடையில நல்ல தகரமாப் பாத்து வையுங்க. சொன்னீங்கன்னா மாட்ட ஆள் அனுப்புதேன்” என்றார் ஜெபதுரை.

மூவரும் கடைக்குப் போனார்கள். தகரங்களை முன்னால் பார்த்தார்கள், பின்னால் போய்ப் பார்த்தார்கள். மகளுக்குப் பிடிக்கும் என்று தவசி நீலத் தகரத்தை மட்டும் கூடுதல் நேரம் பார்த்தான்.

“எத்தனை வேணும்?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணும் வேண்டாம். பாத்து வைக்கத்தான் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு, திருப்தியாக வீடு திரும்பினார்கள்.

அன்றைக்கு உலகம்மை கூப்பிட்டாள். “கூரையைக் கழத்தியாச்சா?”

“கழத்தியாச்சு.”

“புதுசு?”

“பாத்து வச்சாச்சு!”

அவள் குரல் இளகிவிட்டது. “அப்ப வெள்ளிக்கிழமை வாரேன்.”

வெள்ளிக்கிழமை நல்ல மழை. உலகம்மை ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் குடையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கி வாசற்படி ஏறினாள். உள்ளே அம்மையப்பன் குடை பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்திரைவேல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்கத் துடைக்கத் தண்ணீர் கூடிக்கொண்டே இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த தவசி ஓடி வந்து மகளிடம் விரலை நீட்ட, அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவனுக்கு உலகமே மறந்துபோயிற்று.

உலகம்மை மேலே பார்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து கருமேகம் தெரிந்தது. குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.

அம்மையப்பன் குடையைச் சற்றே சாய்த்து, அக்கறையாகச் சொன்னார்:

“ஏம்மா, வாசல்லயே நிக்கிறே? உள்ள வந்து கதவைச் சாத்து. சாரல் அடிக்குதுல்லா!”