கண் திறக்காத சாமி

புதுக் கோயிலின் காவல் தெய்வத்துக்குத் தன் முகத்தையே வைக்க வேண்டும் என்று பாளையக்காரர் இரணசிங்கம் உத்தரவு போட்டார். முடியாது என்று சொன்ன தலைமைச் சிற்பிக்கு மறுநாள் வலது கை இல்லை. அடுத்து உளியை எடுத்த கூலிச் சிற்பி அமிர்தலிங்கம் அதே மீசை, அதே மூக்கு என்று செதுக்கிவிட்டான்.

பார்க்க வந்த பாளையக்காரர், "கண் எங்கேடா?" என்றார்.

"கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், ஐயா. சாமியின் முதல் பார்வை எதிரே நிற்பவரைச் சுட்டுவிடும் என்று எல்லாரும் விலகிக்கொள்வோம்." அவன் உளியைக் கையில் எடுத்தான். "ஆனால் இது தங்கள் கண். தங்களைப் பார்த்துத்தான் செதுக்க வேண்டும். எதிரே நில்லுங்கள். தன் பார்வை தன்னையே சுடுமா?"

"யாரையாவது சுட்டிருக்கிறதா?"

"போன கோயிலில் ஒரு காளை எதிரே நின்றது, ஐயா. கொம்புதான் மிஞ்சியது."

பூசாரி நழுவினார். காவலாட்கள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அமிர்தலிங்கம் சிலைக்குப் பக்கவாட்டில் நின்று உளியை ஒரு தட்டுத் தட்டினான். நிமிர்ந்து பார்த்தபோது பாளையக்காரர் வாசலில் இருந்தார்.

"சாமிக்குச் சாமி முகத்தையே வை," என்றார் அங்கிருந்தே.

மீசையும் மூக்கும் அன்றே மாறின. ஆனாலும் பாளையக்காரர் சாகும்வரை அந்தச் சாமியை ஓரமாக நின்றுதான் கும்பிட்டார்.