பின்பலகையில் முதலாளி

போடியிலிருந்து தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் ஷாக் அப்சார்பர்கள் செத்துப்போயின. "பின்னால பொம்பளைங்க உட்கார்ந்து போறாங்க. மெத்துனு இருக்கிற கறுப்பு ஷாக்கை மாட்டுங்க" என்றார் மெக்கானிக். முதலாளி கோதண்டபாணிக்கோ ரேஸ் வண்டிக்குப் போடுகிற சிவப்பு மேல்தான் கண். கல்லுமாதிரி விறைத்த சாமான், ஆனால் பார்க்க ஜம்மென்று இருந்தது. அதையே மாட்டினார்கள்.

மறுநாளே பின்பலகையில் வந்த பெண்களுக்கு இடுப்பு கழன்றது. அவர்களில் ஒருத்தியான ஒச்சம்மாள் முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

முதலாளி மெத்தை வைத்த முன்சீட்டுக்காரர். "எனக்கு ஒண்ணும் தெரியலையே! இனிமே இந்த ஷாக்கைக் குறை சொல்ற ஆள் அந்த இடத்துலயே இறங்கி நடக்கணும்."

"யாரா இருந்தாலுமா முதலாளி?"

"யாரா இருந்தாலும்!"

வெள்ளிக்கிழமை தோட்டத்துக் காளியம்மனுக்குப் பொங்கல். கரகம் ஏந்திய பூசாரியை ஒச்சம்மாளே கைபிடித்து முன்சீட்டில் ஏற்றினாள்.

"சாமி முன்னால போனா நாம பின்னால போறதுதானே முறை, முதலாளி?"

சாமி காரியத்தில் என்ன பேச முடியும்? பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்பலகையில் ஏறினார்.

முதல் பள்ளத்தில் தலை கூரையில் இடித்தது. அடுத்த பள்ளத்தில் அலறிவிட்டார்: "என்ன இழவு ஷாக்குடா இது! இடுப்பே போச்சு!"

ஒச்சம்மாள் டிரைவரின் தோளைத் தட்டினாள். "மொக்கராசு, வண்டியை நிறுத்துப்பா. முதலாளி இறங்கணும்."

ஜீப் நின்றது. முதலாளி மேலே நீண்டு கிடந்த மலைப்பாதையைப் பார்த்தார். "நாளைக்கே அந்தக் கறுப்பை மாட்டித் தொலைங்க!"

"ஆகட்டும் முதலாளி" என்று ஒச்சம்மாள் பின்கதவைத் திறந்துவிட்டாள். "மாட்டினதும் வந்து ஏத்திக்கிறோம்."