தவிட்டியின் பின்னால் வந்த காலடி

கோடைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அதில் ஒரு வெள்ளாடும் சேர்ந்துகொண்டது. பெயர் தவிட்டி. பட்டியிலிருந்து தப்பி வந்தது. தவிடு தின்றுதான் அதற்குப் பழக்கம், ஓடிப் பழக்கமில்லை.

குளம் வற்றிக்கொண்டே வந்தது. அமாவாசையன்று பொட்டலைக் கடந்து ஆற்றுக்குப் போவதென்று கூட்டம் முடிவு செய்தது. பொட்டலில் செந்நாய்கள் திரியும். ஓட முடியாதவர்கள் பின்தங்க வேண்டியதுதான்.

"இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. எங்களோட ஓடிப் பழகிக்கோ!" என்றது நெட்டையன் என்ற ஆண்மான்.

மான்களுக்கு ஒரு வழக்கம். ஒரு நாள் ஓடும். மறுநாள் நிழலில் காலை நீட்டிப் படுத்துவிடும். தவிட்டிக்கு எரிச்சலாக வந்தது. 'சோம்பேறிகள்! இப்படிப் படுத்துக் கிடந்தால் நான் எப்போது பழகுவது?' என்று நினைத்தது. மான்கள் படுத்த நாளில் அது மட்டும் தனியாகக் குளத்தைச் சுற்றி ஓடியது.

உச்சி வெயில். இலை அசையவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. ஈச்சம்புதருக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"பலே! இன்னும் ஒரு சுத்து!"

"யாரது?"

"உன் நல்லதுக்குச் சொல்றவன். இன்னிக்குப் படுத்தா, நேத்து ஓடினதெல்லாம் கால் வழியா மண்ணுல இறங்கிடும். ஓடு கண்ணு, ஓடு!"

புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்! தவிட்டி ஓடியது. மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது.

குளத்தங்கரைப் புழுதியில் அதன் குளம்படிக்குப் பின்னால் நகம் பதிந்த காலடிகள் தெரிந்தன. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. ஏன் என்று தவிட்டி யோசிக்கவில்லை.

"என்கூட ஒருத்தர் ஓடறாரே!" என்று மான்களிடம் பெருமையடித்துக்கொண்டது.

நெட்டையனின் காது விறைத்தது. "யாரு? நாங்கதான் எல்லாரும் இங்க படுத்திருந்தோமே! உன் காலைப் பாரு, வீங்கியிருக்கு. இன்னிக்காவது படு!"

"உங்களுக்குப் பொறாமை!" என்று சொல்லிவிட்டுத் தவிட்டி நொண்டிக்கொண்டே குளத்துக்குப் போனது.

"வலிக்குதா? எந்தக் கால்?" புதர் அன்பாகக் கேட்டது.

"முன்னங்கால். இடது."

உள்ளே யாரோ சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. "ஓட ஓடச் சரியாயிடும்!"

அமாவாசை விடிந்தது. கூட்டம் பாய்ந்தது. பத்தடிகூடப் போகவில்லை, தவிட்டியின் கால் மடங்கியது. நெட்டையன் திரும்பி வந்து நெற்றியால் முட்டி எழுப்பிப் பார்த்தது. தவிட்டியால் நிற்க முடியவில்லை. தூரத்தில் செந்நாய்கள் கத்தின. நெட்டையன் மனம் வெதும்பி ஓடியது.

தவிட்டி தவழ்ந்து தவழ்ந்து குளத்தங்கரைக்கு வந்தது. புதர் விலகியது. ஒரு கழுதைப்புலி வெளியே வந்தது. அது ஓடவில்லை. அதற்கு அவசரமே இல்லை.

"நீயா! நீ என்கூட ஓடினியே!"

"ஓடினது நீ. நான் பின்னாடி நடந்தேன். அதுவும் ஒரு நாள் நடந்தா, மறுநாள் படுத்துக்குவேன். என் காலை நான் கெடுத்துக்குவேனா?" என்று அது சிரித்தது.

மழை பெய்து குளம் நிறைந்ததும் மான்கள் திரும்பி வந்தன. கரையில் இரண்டு சிறிய கொம்புகள் மட்டும் கிடந்தன.

அடுத்த கோடையில் ஒரு செம்மறி பட்டியிலிருந்து தப்பி வந்து கூட்டத்தில் சேர்ந்தது. ஒரு மத்தியானம் அது தலையைத் தூக்கிச் சொன்னது. "ஈச்சம்புதர்ல யாரோ என்னை ஓடச் சொல்றாங்க! ரொம்ப அன்பான குரல்!"

மான்கள் காதை விறைத்து ஈச்சம்புதரைப் பார்த்தன. நெருங்கிப் படுத்து, நடுவில் அதற்கு இடம் விட்டன. செம்மறி அவற்றின் முகங்களைப் பார்த்தது. வந்து நடுவில் படுத்துக்கொண்டது.

ஓடப் பழகுகிறவருக்கு ஓய்வு நாளும் பயிற்சி நாள்தான். அதை விட்டவர், ஓட வேண்டிய நாளில் ஓட முடியாமல் நிற்பார்.