முத்திரை மாப்பிள்ளையும் ஆறில் ஒரு பங்கும்

முன்னொரு காலத்தில், கடற்கரையில் கோட்டை கட்டி ஆண்ட ஒரு ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒரு புதுச் சட்டமாவது போடாவிட்டால் சோறு இறங்காது. அந்த வருஷம் அவர் பார்வை தங்கல் முத்திரைமேல் விழுந்தது.

அயல்நாட்டார் வேண்டியமட்டும் வந்து தங்கிப் போவதற்காக ராஜா கொடுக்கும் செப்பு வில்லைதான் தங்கல் முத்திரை. அது இல்லாதவர்கள் அனுமதி வரும்வரை துறைமுகத்து வெயிலில் காய வேண்டியதுதான். ராஜாவிடமும் அப்படி ஒன்று இருந்தது. எதிர்க்கரையிலுள்ள லவங்கத் தீவின் அரசர் நட்புக்காகக் கொடுத்தது. அதைத் தங்கச் சங்கிலியில் கோத்து மார்பில் அணிந்திருப்பார். கோடை வந்தால் காற்று வாங்க அங்கே புறப்பட்டுவிடுவார்.

வரி அமைச்சர் மாதவராயர் ஒருநாள் மெல்லப் பேச்சை எடுத்தார். "மகாராஜா, தங்கள் முத்திரையை வைத்திருப்பவன் எங்கே இருந்தாலும் தங்கள் குடிதானே? அவன் எந்த மண்ணில் விளைத்தாலும் ஆறில் ஒரு பங்கு நமக்கு வர வேண்டாமா?"

"அயல்நாடுகளிலும் எனக்குக் குடிகளா!" ராஜா பூரித்துப் போனார். அன்றே முரசறைந்தாயிற்று.

மாதவராயர் குறிவைத்தது அரண்மனை விகடகவி கோட்டைமுத்துவை. அவர் வாய் திறந்ததும் ராஜா சிரிக்கும்போதெல்லாம் அமைச்சருக்கு வயிறு எரியும். கோட்டைமுத்துவின் ஒரே மகள் செண்பகம் வாழ்க்கைப்பட்டிருந்ததோ லவங்கத் தீவில். மாப்பிள்ளை நீலனுக்கு அங்கே கிராம்புத் தோட்டம். மாமனார் வீட்டுக்கு வந்துபோகவே அவன் முத்திரை வாங்கியிருந்தான்.

இரண்டே வாரத்தில் நீலனிடமிருந்து ஒரு மாலுமி சேதி கொண்டுவந்தான். "தீவு ராஜாவுக்கும் வரி கட்டி உங்க ராஜாவுக்கும் கட்டினா தோட்டத்தை விக்க வேண்டியதுதான், முத்திரையத் திருப்பிக் கொடுத்துடுறேன்னு உங்க மாப்பிள்ளை சொல்லச் சொன்னாருங்க."

கோட்டைமுத்துவின் மனைவி வடிவாம்பாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். செண்பகத்துக்கு ஏழாம் மாதம்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். அதுல மாத்தமில்ல. புருஷன் துணையில்லாம புள்ளத்தாச்சி எப்படிங்க கடல் தாண்டி வருவா? மாப்பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டு நான் வளைகாப்பு நடத்தணுமா?"

"நிறுத்த மாட்டேன், வடிவு."

"சட்டத்த மீறப் போறீங்களா?"

"மீறுறதா? ஒரு சொல் பிசகாம நிறைவேத்தப் போறேன். போய் வண்டிக்காரங்களக் கூப்பிட ஆள் அனுப்பு."

மறுநாள் அரண்மனைக் களஞ்சியத்தின் முன் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. கோட்டைமுத்து மரக்காலைக் கையில் பிடித்து, ஐந்து மரக்கால் நெல்லை ஒதுக்கி ஆறாவதை வண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். காவலர்கள் அவரைப் பிடித்துச் சபைக்கு இழுத்துப் போனார்கள். மாதவராயர் முகத்தில் தீபாவளி.

"களஞ்சியத்தில் கைவைக்க உனக்கு என்ன துணிச்சல்?" என்று கர்ஜித்தார் ராஜா.

"தங்கள் வரிப்பாக்கி, மகாராஜா. கப்பல் புறப்படுவதற்குள் லவங்கத் தீவுக்கு அனுப்பியாக வேண்டும்."

"நான் எதற்கு அங்கே வரி கட்ட வேண்டும்?"

"முத்திரை எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டின் குடி என்பது தாங்கள் இட்ட சட்டம். தங்கள் மார்பில் தொங்குவது தீவின் முத்திரை. தீவு அரசர் கேட்டு அனுப்பும்வரை காத்திருப்பது தங்களுக்கு அழகில்லை அல்லவா?"

ராஜாவின் கை தானாகச் சங்கிலியைத் தொட்டது.

மாதவராயர் பதறி எழுந்தார். "அபத்தம்! மகாராஜா கோடையில் சில நாள் காற்று வாங்கத்தான் அங்கே போகிறார். அவர் வாழ்வது இங்கே, விளைச்சல் இங்கே. வெறும் முத்திரையை வைத்து அவரைத் தீவுக் குடி என்று எவன் சொல்வான்?"

"அமைச்சர் பெருமானே, இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள். என் மாப்பிள்ளையின் வழக்கை என்னைவிட நன்றாக வாதாடுகிறீர்கள்."

கோட்டைமுத்து கைகூப்பினார். இப்போது அவர் குரலில் விகடம் இல்லை.

"முத்திரை வாசலைத் திறக்கும், மகாராஜா. குடும்பம் நடத்தாது. என் மாப்பிள்ளை வருஷமெல்லாம் உண்டு உறங்கி உழைப்பது தீவில். அங்கே வரி கட்டுகிறான். இங்கே அவன் கிராம்பு விற்றால் விற்ற லாபத்துக்கு வரி கேளுங்கள், கட்டுவான். என் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்காக அவன் தோட்டத்தை இழக்க வேண்டுமா?"

ராஜா மாதவராயரைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், சாளரத்துக்கு வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்தார். முதலில் தொப்பை குலுங்கியது. பிறகு கிரீடம் சரிய விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லவேளை, நெல்லோடு நின்றாய். யானைக் கொட்டடிக்குப் போகவில்லை! இனி யார் எந்த நாட்டில் வாழ்கிறார்களோ அங்கேதான் வரி. நம் மண்ணில் சம்பாதித்தால் அதற்கு மட்டும் நமக்கு."

"வண்டிகளில் ஏற்றிய நெல்லை இறக்கச் சொல்லட்டுமா, மகாராஜா?" என்று மாதவராயர் முணுமுணுத்தார்.

"எதற்கு? செண்பகத்தின் வளைகாப்புச் சீராக அது கோட்டைமுத்து வீட்டுக்குப் போகட்டும். அவளையும் கணவனையும் அழைத்துவர என் கப்பல் போகும். நீர் துறைமுகத்து வெயிலில் நின்று, மாப்பிள்ளையின் முத்திரையை உம் கண்ணாலேயே பார்த்து வரவேற்று வாரும்!"

ஏழாம் மாதம் முடிவதற்குள் கப்பல் வந்தது. நீலன் கையைப் பிடித்து இறங்கிய செண்பகத்துக்கு, வியர்வை வழிய மாதவராயரே குடை பிடித்தார்.