தார்ப்பாய்க் கற்கள்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஜெசிந்தாவுக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. டிரோன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். வந்து சேருகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் சுடலைமணி. கல்யாண வீடுகளில் படம் எடுத்தே தலை நரைத்தவர். மேலிருந்து எடுத்த காட்சி இல்லாத கல்யாண வீடியோவை இப்போது யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் டிரோன் கற்க வந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். எல்லா குருவும் ஆசைப்படுகிற சீடர்தான். ஆனால் வம்பும் அதனால்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்து மாஸ்டரின் மேஜையில் வைத்தார். பிரித்தால், இறக்கை ஒடிந்த டிரோன். மாஸ்டர் அவருக்கு இரவல் கொடுத்திருந்தது.

"எங்க விழுந்துச்சு?"

"விழல மாஸ்டர். கல்லால அடிச்சுட்டான்."

ஒரு கல்யாண வீடியோவுக்காக விடியற்காலையில் தாமரைக்குளத்தைப் படம் எடுக்கப் போயிருந்தார். குளக்கரையில் வரிசையாகச் சில வீடுகள். அங்கிருந்து ஒருவன் வந்து, யார் நீ, என்ன எடுக்கிறாய் என்று முதுகுக்குப் பின்னால் நின்று சத்தம் போட்டிருக்கிறான். சுடலைமணி திரும்பவில்லை. பெர்மிஷன் இருக்கு என்று மட்டும் சொல்லி, சட்டைப்பையிலிருந்த அனுமதிக் கடிதத்தை எடுத்துத் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டினார். அவன் மறுபடி கேட்டான். இவர் மறுபடியும் அதையே நீட்டினார். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை, எறிந்துவிட்டான்.

"பறக்கும்போது கண்ணை எடுக்காதீங்க, யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்கன்னு நீங்கதான் மாஸ்டர் சொன்னீங்க. நான் திரும்பல. சொன்னபடி நடந்தேன், அடி விழுந்துச்சு. இப்ப தப்பு என்னோடதா, உங்க பாடத்தோடதா?"

மாஸ்டர் ஒடிந்த இறக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. கையில என்ன?"

"புகார். எழுதியே கொண்டாந்துட்டேன். டிரோன் உங்க பேர்ல இருக்கு, நீங்களும் கையெழுத்துப் போடணும். அவனைச் சும்மா விடக் கூடாது."

"காலையில போடுதேன். குளத்து வழியாப் போவோம். ஸ்டேஷனும் அந்தப் பக்கந்தானே."

சுடலைமணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மாஸ்டர் பேச்சை அவர் தட்டுவதில்லை.

இரவில் நல்ல மழை. விடியும்போது வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. குளக்கரைக்குப் போனதும் சுடலைமணி வண்டியை விட்டு இறங்கவில்லை. வீடுகளுக்கு முதுகைக் காட்டி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பின்னால் நடப்பதையெல்லாம் வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் தன்னுடைய டிரோனைக் கிளப்பினாள். சூரியன் அப்போதுதான் தலைகாட்டியது. தண்ணீரில் வெளிச்சம் பரவ, தாமரைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இப்படி ஒரு வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று சுடலைமணிக்குத் தெரியும்.

கண்ணாடியில் அவன் வந்தான். கையில் கல்.

"நேத்துப் பட்டது பத்தலையா? யாருட்டி நீ?"

மாஸ்டர் திரும்பவில்லை. சுடலைமணிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. பார், குருவும் திரும்பவில்லை.

"அண்ணே, நீங்க பேசுறது காதுல விழுது," என்றாள் மாஸ்டர், வானத்தைப் பார்த்தபடியே சத்தமாக. "இப்பத் திரும்புனா அது யார் தலையிலயாவது விழுந்துரும். இந்தா இறக்கிருதேன். இறக்கிட்டுப் பேசுவோம்."

சுடலைமணிக்கு மனசு அடித்துக்கொண்டது. இந்த வெளிச்சத்தை விட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் டிரோன் இறங்கிவிட்டது. இறக்கைகள் சுற்றி நின்றன. மாஸ்டர் ரிமோட்டைத் தரையில் வைத்தாள். தொப்பியையும் கூலிங்கிளாஸையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு முழுசாகத் திரும்பி அவனுக்கு எதிரே நின்றாள்.

"எம்பேரு ஜெசிந்தா. கேளுங்கண்ணே."

சண்டைக்கு வருகிறவனிடம் யாரும் பேர் சொல்வதில்லை. அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"கொம்பையா," என்றான், தன்னையறியாமல். பிறகு, "எதை எடுக்கிய?"

"தாமரையை. ஒரு கல்யாணத்துக்கு."

"எங்க வீட்டை?"

"ஓரத்துல விழுது. பாருங்க. வேண்டாம்னா இப்பவே அழிச்சுருதேன்."

அவள் ரிமோட்டின் திரையைக் காட்டினாள். கொம்பையா குனிந்து பார்த்தார். வாசலில் நின்றிருந்த அவர் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள். தங்கள் வீட்டை மேலேயிருந்து அவர்கள் பார்த்ததே இல்லை. நீலத் தார்ப்பாய், காற்றில் பறக்காமல் இருக்க ஓரமெல்லாம் கற்கள். இரண்டு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு படபடத்தது.

"ராத்திரி பூரா அடுப்புல சொட்டுச்சுன்னா, இதாலதான்," என்றாள் மனைவி. "மூலைக் கல்லு ரெண்டும் எங்க?"

"ஒண்ணு குளத்துல கிடக்கு," என்றார் கொம்பையா. கையை விரித்துக் காட்டினார். "ஒண்ணு இது."

பிறகு அவரே சொன்னார்.

"போன வருசம் இதுமாதிரி ஒண்ணு வீட்டுக்கு மேல சுத்துச்சும்மா. என்ன எடுக்கியன்னு கேட்டேன். ஓட்டுனவன் திரும்பல. சீல் வச்ச காயிதத்தைக் காட்டுனான். அடுத்த மாசம் ஆபீஸ்காரங்க வந்து, இது குளத்து இடம்னு சொல்லி சுவத்துல நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க. என்னைக்கு இடிப்பாங்கன்னு தெரியல. நேத்து வந்து பாக்கேன், அதே மாதிரி ஒரு காயிதம், ஒரு முதுகு."

வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் எண்கள் இருந்தன. நேற்று சுடலைமணியின் கண்ணில் அவை படவே இல்லை. இப்போது கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்தன.

"கேஸு போடுவியளா?" என்று கேட்டாள் மனைவி. "கேஸு உள்ளவங்க வீட்டைத்தான் முதல்ல இடிப்பாங்கன்னு சொல்லுதாங்க. ரெண்டு பிள்ளைகளை வச்சிக்கிட்டு நாங்க எங்க போவோம்?"

"புகார் எழுதினது நான் இல்லக்கா," என்றாள் மாஸ்டர். "அவருதான் சொல்லணும்."

மூவரும் வண்டிப் பக்கம் பார்த்தார்கள். சுடலைமணி அசையவில்லை.

"உடைச்சது என் தப்புதான்," என்றார் கொம்பையா. "அதை அவர்ட்டயே சொல்லிரணும்னு பாக்கேன். ஆனா, அவரு முகத்தை நான் இன்னும் பாக்கலையே."

சுடலைமணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். சட்டைப்பையில் இருந்த புகார் நெஞ்சில் உறுத்தியது. திரும்பாமலேயே வண்டியை உதைத்துக் கிளப்பினார். மாஸ்டர் டிரோனைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, அவர்கள் இருவரிடமும் சொல்லிக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கொம்பையா கையிலிருந்த கல்லோடு கூரையில் ஏறிக்கொண்டிருந்தார்.

மெயின் ரோட்டு முக்கில் சுடலைமணி வண்டியை நிறுத்தினார். ஸ்டேஷனுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் திரும்பவில்லை.

"வெளிச்சம் போச்சு மாஸ்டர்."

"ஆமா. நாளைக்கு வந்து எடுக்கணும்."

ஒரு பஸ் கடந்து போனது.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல," என்றார் சுடலைமணி. குரலில் கோபம் பாதி, அழுகை பாதி. "திரும்பாதீங்கன்னு சொன்னது நீங்கதானே?"

"நாந்தான் அண்ணாச்சி," என்றாள் மாஸ்டர். "பறக்கும்போது."

சுடலைமணி வண்டியைக் குளத்துப் பக்கம் திருப்பினார்.